கவர் பாடல்களிலிருந்து சொந்தப் பாடல்களுக்கு: ஒரு சோல் இசைக்குழுவின் முதல் தொகுப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு நகரத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் கொண்ட இசைக்குழு ஒன்று, பல ஆண்டுகளாகத் திருமண வரவேற்புகளிலும் நிறுவன விருந்துகளிலும் 1960களின் அமெரிக்க சோல் பாடல்களை (அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே உருவான இசை வகை) கவர் பாடல்களாக, அதாவது பிறர் வெளியிட்டவற்றை மீண்டும் பாடி, வாசித்து வருமானம் ஈட்டி வந்தது. முதன்மைப் பாடகி, பின்னணிக் குரலுக்கு ஓர் ஆண், டிரம்ஸ், பேஸ் கிடார், கிடார், ஹாமண்ட் ஆர்கன், டிரம்பெட், டெனர் சாக்ஸஃபோன், பாரிடோன் சாக்ஸஃபோன் என்பது குழுவின் அமைப்பு. மேடைச் சம்பளம் ஒன்பது பேருக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. இந்தச் சமப் பிரிவினை பின்னால் பெரிய விவாதத்துக்குக் காரணமாக அமைந்ததால் அதை இங்கேயே குறித்துவைக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பகுதியின் கேட்போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விற்காமல் போன வேகமான சோல் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, விடியும்வரை ஆடும் 'நார்தர்ன் சோல்' மரபு வட இங்கிலாந்தில் வேரூன்றியது. 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கேசினோ அதன் புகழ்பெற்ற கூடம். அந்தத் தலைமுறையினரும் அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் இன்றும் இத்தகைய இரவுகளுக்கு வருகிறார்கள். பேராசிரியர்களைவிட நுட்பமான காது அவர்களுக்கு உண்டு என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆர்கன் வாசிப்பவர் மெட்டும் பாடகி வரிகளுமாகச் சேர்ந்து எழுதிவைத்திருந்த பாடல்களைக் கொண்டு பத்துப் பாடல்கள் அடங்கிய சொந்தத் தொகுப்பு ஒன்றை வெளியிடக் குழு தீர்மானித்தது. ஒலிப்பதிவில் உதவிப் பொறியாளராக உடனிருந்த நான், குழுவினரின் ஒப்புதலுடன், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

மாதிரிப் பதிவுகளில் தெரிந்தவை

முதல் மாதிரிப் பதிவுகள் ஒவ்வொருவர் வீட்டிலும் தனித்தனியாக உருவாயின. ஆர்கன் கலைஞர் கிளிக் ஒலியுடன் (தாளத்தைச் சீராக எண்ணிக்காட்டும் இயந்திர ஒலி) ஓர் அடிப்படைத் தடத்தை அனுப்ப, மற்றவர்கள் அதன்மேல் தங்கள் பகுதியை வாசித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடத்தையும் தனியாகக் கேட்டபோது குறை ஏதும் தெரியவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டபோது, மேடையில் கூட்டத்தை ஆடவைக்கும் அதே குழுதான் இது என்று நம்புவது கடினமாக இருந்தது.

காரணங்களைக் குழு நிதானமாக ஆராய்ந்தது. முதலாவது, எவரும் எங்கும் நிறுத்தவில்லை. கவர் பாடல்களில் எந்த இடத்தில் மௌனமாக இருக்க வேண்டும் என்பதைப் பழைய இசைத்தட்டே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. புதிய பாட்டில் அதைச் சொல்ல ஆளில்லாததால் கிடார் முதல் அடியிலிருந்து கடைசிவரை ஒலித்தது, பல்லவி வரும்போதெல்லாம் ஊதுகருவிகள் மூன்றும் நுழைந்தன, பாடகியின் குரலுக்கு இடமே கிடைக்கவில்லை. இரண்டாவது, கிளிக்குக்கு அடிமையாகிவிட்ட தாளம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இருந்த ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் 1965-இல் பாடகர் வில்சன் பிக்கெட்டின் பாடல் ஒன்று பதிவானபோது, தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அன்றைய இளைஞர்களின் நடனத்தை ஆடிக் காட்ட, அதைப் பார்த்து டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சனும் கிடார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பரும் இரண்டாவது, நான்காவது அடிகளை இம்மி அளவு தாமதித்து வாசித்த செய்தி சோல் கலைஞர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தத் தாமதம் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கும்போது பிறப்பது. வீட்டில் ஹெட்ஃபோனுடன் தனியே அமர்ந்திருப்பவருக்கு அது வசப்படாது.

எனவே மாதிரிப் பதிவுகள் அனைத்தையும் ஒதுக்கிவைத்து, ஒரே அறையில் கூடி ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒத்திகைக்கு ஒரே ஒரு விதி இருந்தது: ஒவ்வொரு பாடலுக்கும் யார் எப்போது வாசிப்பது என்பதற்கு முன்பாக, யார் எப்போது சும்மா இருப்பது என்பதைத்தான் தாளில் எழுத வேண்டும். ஒரு பாடலில் கிடார் கலைஞருக்குக் கிடைத்தது, ஸ்னேர் டிரம்மோடு சேர்ந்து இரண்டாம் நான்காம் அடிகளில் ஒரு வெட்டு மட்டுமே. அவர் முதலில் முகம் சுளித்தார். ஆனாலும் தொகுப்பில் அவருடைய ஆகச் சிறந்த வாசிப்பு அதுதான் என்பது என் கணிப்பு.

ஸ்கேல் குறித்த முடிவு

பாடல்களில் பாதிக்கு மேல் ஈ மேஜர், ஏ மேஜர் என்ற ஸ்கேல்களில் (பாட்டு எந்தச் சுரத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதைக் காட்டும் சுர வரிசை) அமைந்திருந்தன. கிடாரின் திறந்த கம்பிகள் முழங்குவதற்கு ஏற்றவை என்பதால், ஆர்கன் கலைஞர் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மெட்டமைத்தபோது இயல்பாக விழுந்த ஸ்கேல்கள் அவை. ஊதுகருவிகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. டிரம்பெட்டும் டெனர் சாக்ஸஃபோனும் பி பிளாட் கருவிகள் (தாளில் உள்ள சி சுரத்தை வாசித்தால் பி பிளாட் ஒலிக்கும்) என்பதால், மற்றவர்களின் ஈ மேஜர் அவர்களுக்கு எஃப் ஷார்ப் மேஜராகி ஆறு ஷார்ப்புகளை (அரை சுரம் உயர்த்தும் குறிகளை) கொண்டுவரும். பாரிடோன் ஈ பிளாட் கருவி ஆதலால், அதை வாசிப்பவரின் தாளில் சி ஷார்ப் மேஜர், அதாவது ஏழு ஷார்ப்புகள் வரும். தேர்ந்த கலைஞர்கள் அதையும் வாசித்துவிடுவார்கள். ஆயினும் விரல் எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே ஊதுபவரின் ஒலியில் ஒரு தயக்கம் ஒட்டிக்கொள்கிறது. டிரம்பெட் கலைஞரின் தாளில் ஒரே வரி மூன்று முறை அழித்து எழுதப்பட்டிருந்ததை நான் பார்த்தேன்.

பாடகிக்கோ பல்லவியின் உச்சசுரம் எட்டும் தொலைவில்தான் இருந்தது, ஆனால் இரவில் மூன்றாவது முறை பாடும்போது தொண்டை கட்டியது. ஆகவே ஈ மேஜர் பாடல்களை எல்லாம் அரை சுரம் இறக்கி ஈ பிளாட்டில் வைப்பதென்று தீர்மானித்தார்கள். டிரம்பெட்டுக்கும் டெனருக்கும் அது ஒரே ஒரு பிளாட் (அரை சுரம் இறக்கும் குறி) உள்ள எஃப் மேஜர், பாரிடோனுக்கு ஷார்ப்போ பிளாட்டோ இல்லாத சி மேஜர். கிடார் கலைஞர் தம் கம்பிகள் அனைத்தையும் அரை சுரம் தளர்த்திக்கொண்டதால் திறந்த கம்பிகளின் முழக்கமும் போகவில்லை. ஏ மேஜர் பாடல்களும் இதே கணக்கில் ஏ பிளாட்டுக்கு இறங்கின. இந்த ஒரு மாற்றம், அதற்கு முந்தைய வாரங்களின் உழைப்பு முழுவதும் சேர்ந்து தந்ததைவிட அதிகப் பலன் தந்தது.

மேடையில் சோதனை

ஒலிப்பதிவுக்கு முன் பாடல்களை மேடையில் பார்த்துவிடுவது என்பது பாடகியின் யோசனை. திருமண நிகழ்ச்சிகளில், மக்களுக்கு மனப்பாடமான இரண்டு பாடல்களுக்கு நடுவே ஒரு சொந்தப் பாடலை அறிவிப்பு இன்றிச் செருகினார்கள். அறிவித்தால் கூட்டம் பரிவோடு கைதட்டிவிடும், அதனால் பயனில்லை என்பது அவர் கருத்து. கவனிக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆடிக்கொண்டிருப்பவர்கள் தொடர்ந்து ஆடுகிறார்களா, இருக்கைக்குத் திரும்புகிறார்களா.

எட்டுத் தாளச் சுற்று நீளமுள்ள ஆர்கன் முன்னிசையோடு தொடங்கிய பாடலுக்கு ஒவ்வொரு முறையும் ஆடுதளம் காலியாயிற்று. முன்னிசையை நீக்கி, டிரம்ஸின் ஒரே ஒரு உருட்டலுக்குப் பின் நேராகக் குரலிலேயே தொடங்கியபோது பெரும்பாலானோர் ஆட்டத்தை விடவில்லை. இதற்கு மாறாக, எவரும் பெரிதாக நினைக்காத ஒரு நடுத்தர வேகப் பாடலுக்கு முதல்முறையிலேயே வயதான தம்பதியர் எழுந்து வந்தார்கள். அதுவே பின்னர் தொகுப்பின் முதல் பாடல் ஆயிற்று. இரண்டு பாடல்கள் இந்தச் சோதனையில் கழிந்து, அவற்றின் இடத்துக்கு வேறு இரண்டு எழுதப்பட்டன.

சொந்தப் பாடல்களைக் கேட்ட ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், பணம் கொடுத்தது தெரிந்த பாடல்களுக்காக என்று புகார் சொன்னார். அவருடைய நிகழ்ச்சிகளில் மட்டும் பழைய பட்டியலுக்கே திரும்பினார்கள்.

பழைய இசைத்தட்டின் சாயல்

ஒரு சோல் இரவில் நிகழ்ச்சி முடிந்ததும், அறுபதைத் தாண்டிய ஒருவர் பேஸ் கலைஞரிடம் வந்து, அன்று வாசித்த பாடல்களில் ஒன்றின் பேஸ் ஓட்டமும் அதற்கு ஊதுகருவிகள் சொல்லும் பதிலும் 1960களின் ஓர் அரிய 45 சுற்று இசைத்தட்டில் உள்ளவை என்றார். குழுவில் எவரும் அந்த இசைத்தட்டைக் கேட்டதாக நினைவில்லை. தேடி எடுத்துக் கேட்டபோது, மெட்டும் வரியும் வேறாக இருந்தாலும் அந்தப் பெரியவர் சொன்னது ஏறக்குறைய சரி என்பது தெரிந்தது.

பாணியும் தாளப் போக்கும் எவருடைய தனிச்சொத்தும் அல்ல என்பதும், ஒரு காலகட்டத்தின் ஒலியைத் தழுவுவது குற்றமல்ல என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டவை. ஆனால் சோல் பாடகர் மார்வின் கேயின் 1977-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றைப் போல ஒலித்ததற்காக 2015-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு பாடகர்கள் ராபின் திக், ஃபாரல் வில்லியம்ஸ் ஆகியோருக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், 2018-இல் மேல்முறையீட்டிலும் அது பெரும்பாலும் நிலைத்ததும், இழப்பீடு குறைக்கப்பட்ட பின்னரும் ஐம்பது லட்சம் டாலரைத் தாண்டியதும் இத்துறையில் உள்ளவர்களின் மனத்தில் அச்சத்தை விதைத்துவிட்டன. அது அமெரிக்கச் சட்டம், இங்கே அப்படியே பொருந்தாது என்று கிடார் கலைஞர் வாதிட்டார். வழக்கில் வெல்வது வேறு, வழக்கு நடத்தப் பணம் இருப்பது வேறு என்பது பாடகியின் பதில்.

பேஸ் ஓட்டத்தை மாற்றி எழுதினார்கள். மாற்றத்துக்குப் பின் பாட்டின் வேகம் சற்றுத் தளர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை, பழைய வடிவத்தில் இருந்த துள்ளல் மீண்டும் வரவில்லை. எனினும் இசைத்தட்டுகளை உயிராக மதிக்கும் அந்த வட்டாரத்தில், திருட்டுப் பழி நீதிமன்றத்துக்கு வெளியிலும் ஒரு குழுவை முடித்துவிடக்கூடும் என்பதால் முடிவு சரியானது என்றே கருதுகிறேன்.

பாட்டு யாருக்குச் சொந்தம்

ஒத்திகைகள் முதிர முதிர, எவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. பாடல்கள் வெளியானால் ராயல்டி, அதாவது அவை ஒலிக்கும்போதெல்லாம் வரும் உரிமைத் தொகை, யாருக்கு?

பிரிட்டனில் இந்தப் பணம் இரண்டு வழிகளில் வருகிறது. பாட்டை இயற்றியவருக்கு உரியதை 1914-இல் தொடங்கப்பட்ட பிஆர்எஸ் என்ற அமைப்பு வசூலிக்கிறது. பதிவான ஒலி வானொலியிலோ பொது இடத்திலோ ஒலிக்கும்போது, பதிவின் உரிமையாளருக்கும் அதில் பாடி வாசித்தவர்களுக்கும் உரியதை 1934-இல் தொடங்கப்பட்ட பிபிஎல் என்ற அமைப்பு வசூலிக்கிறது. ஆக, டிரம்பெட் கலைஞருக்கு வாசித்ததற்கான தொகை எப்படியும் உண்டு, இயற்றியதற்கான பங்குதான் விவாதத்துக்கு உரியது. இந்த வேறுபாடு குழுவில் பாதிப் பேருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை, தெரிந்த பிறகு பேச்சின் சூடு கொஞ்சம் தணிந்தது.

ஆர்கன் கலைஞரின் நிலைப்பாடு தெளிவானது: மெட்டும் வரியும்தான் பாட்டு, மற்றது வாசிப்பு, வாசிப்புக்கு மேடைச் சம்பளமும் பிபிஎல் தொகையும் இருக்கின்றன. பேஸ் கலைஞர் எதிர்வாதம் செய்யவில்லை. ஆர்கன் கலைஞர் முதலில் தம் கைபேசியில் பாடி அனுப்பிய பதிவையும், ஒத்திகையில் எடுத்த பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடுமாறு மட்டும் கேட்டார். இரண்டே சுரக்கூட்டுகளில் (கார்ட்) சுழலும் ஒரு பாட்டு அது. முதல் பதிவில் அது ஒரு முணுமுணுப்பாக இருந்தது. இரண்டாவதில் பேஸ் கேள்வி கேட்க, பாரிடோன் பதில் சொல்ல, மக்கள் வீட்டுக்குப் போகும்போது எதை முணுமுணுப்பார்களோ அது அந்தப் பதிலாகவே இருந்தது. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

சோல் இசையின் வரலாறு இரு பக்கத்துக்கும் சான்று தருகிறது. 1962-இல் மெம்ஃபிஸில் பதிவான 'கிரீன் ஆனியன்ஸ்' அதை வாசித்த நால்வர் பெயரிலும் பதிவாயிற்று. டெட்ராய்டின் மோட்டவுன் நிறுவனத்திலோ, எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த கலைஞர்களின் பெயர் 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் தொகுப்பு வரை உறையில்கூட இடம்பெறவில்லை. பிரிட்டிஷ் முன்னுதாரணம்தான் ஆர்கன் கலைஞரை அசைத்தது, அதுவும் ஓர் ஆர்கன் கலைஞரின் வழக்கு. 1967-இல் வெளியான 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாடலின் ஆர்கன் பகுதியை உருவாக்கிய மேத்யூ ஃபிஷர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து வழக்குத் தொடுத்து, 2009-இல், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பால் பாட்டின் இசையில் 40 விழுக்காட்டுப் பங்கை உறுதிசெய்துகொண்டார். தம் கருவியைக் காத்த தீர்ப்பு, பாரிடோன் சாக்ஸஃபோனையும் காக்கும் என்பதைக் குழுவின் ஆர்கன் கலைஞர் மறுக்கவில்லை.

இறுதியில் ஏற்பட்ட உடன்பாடு இது: ஒவ்வொரு பாட்டிலும் பாதி, வரியும் மெட்டும் எழுதியவர்களுக்கு. மீதிப் பாதி ஒன்பது பேருக்கும் சமமாக. ஒலிப்பதிவு தொடங்குவதற்கு முன்பே, பாட்டுக்கு ஒரு தாளாகப் பத்துத் தாள்களில் ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். முழுச் சமப் பங்கை ஏன் ஏற்கவில்லை என்றால், எழுதுபவருக்குத் தொடர்ந்து எழுதத் தூண்டுதல் வேண்டும் என்பதே காரணம்.

இதன் விளைவு பணத்தைவிட இசையில்தான் முதலில் தெரிந்தது. அதுவரை ஆர்கன் கலைஞர் எழுதித் தந்த வரிகளை ஊதிக்கொண்டிருந்த மூவரும், கையெழுத்திட்ட பிறகு தாங்களாகவே கூடத்தின் மூலையில் நின்று வாயால் பாடிப் பாடி வரிகளை அமைத்தார்கள். பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் ஸ்டாக்ஸில் ஊதுகருவிப் பகுதிகளை இப்படித்தான் வாயால் பாடிக் காட்டுவார் என்று பாடகி நினைவுபடுத்தினார்.

ஒலிப்பதிவு

கைவிடப்பட்ட ஒரு சிற்றாலயத்தை மாற்றியமைத்த கூடத்தில் பதிவு நடந்தது. ஸ்டாக்ஸ் நிறுவனமே ஒரு பழைய திரையரங்கின் சரிவான தளத்தில் இயங்கியது என்பதால், கூடத்தின் எதிரொலியைக் குறையாக எவரும் பார்க்கவில்லை.

நாடாவில் பதிவு செய்யலாம் என்ற ஆசை குழுவுக்கு இருந்தது. இரண்டு அங்குல நாடாச் சுருள் ஒன்று, நொடிக்கு 15 அங்குல வேகத்தில் சுமார் 33 நிமிடங்களுக்கே போதும் என்ற கணக்கு அந்த ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கணினியில் பதிவு செய்து, நாடாவின் கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கிளிக் கிடையாது, ஒரு பாட்டுக்கு மூன்று டேக் (முழுப் பாட்டையும் ஒருமுறை பதிவு செய்வது) மட்டுமே, பாடகி உட்பட எல்லோரும் ஒரே நேரத்தில்.

ஊதுகருவிகள் மூன்றுக்கும் ஒரே மைக். டிரம்பெட் கலைஞரைப் பின்னுக்கு நகர்த்தியும் டெனர் கலைஞரை முன்னுக்கு இழுத்தும் சமநிலை கண்டோம். இந்த முறையின் விலை என்னவென்றால், பாடகியின் குரல் டிரம்ஸ் மைக்குகளிலும் கசிந்துவிடும், பின்னால் அவர் குரலை மட்டும் திருத்த முடியாது. ஒரு பாட்டில் இரண்டாம் சரணத்தின் ஒரு சொல்லை அவர் மாற்றிப் பாடிவிட்டார். ஆனால் டிரம்ஸ் கலைஞர் தம் வாழ்நாளில் வாசித்தவற்றுள் சிறந்ததென்று சொன்ன டேக் அதுவே. சொல் மாறியபடியே தொகுப்பில் இருக்கிறது, உறையில் அச்சிட்ட வரியை மாற்றிவிட்டார்கள்.

இசைத்தட்டு தயாரிப்பு

பத்துப் பாடல்களும் சேர்ந்து 38 நிமிடங்கள், பக்கத்துக்கு 19 நிமிடங்கள். 33⅓ சுற்று இசைத்தட்டுக்கு இது வசதியான நீளம், இதைவிட நீண்டால் ஒலியளவைக் குறைக்க வேண்டியிருக்கும், ஆழ்ந்த பேஸ் ஒலிக்கு அகலமான பள்ளம் தேவைப்படும். 300 பிரதிகளுக்கு ஆணை கொடுக்கப்பட்டது.

சிக்கல் சோதனைப் பிரதியில் தெரிந்தது. முதல் பக்கத்தின் கடைசியில் மெதுவான ஒரு பாடலை வைத்திருந்தார்கள். மையத்தை நெருங்க நெருங்க ஊசி ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு குறைவதால், நுண்ணிய உயர் ஒலிகள் அங்கே சிதையும். உரத்த பாடல்களை முன்னும் மெல்லியவற்றைப் பின்னும் வைப்பது வழக்கம் என்பதால் குழு அப்படியே செய்திருந்தது. ஆனால் மெல்லிய பாட்டில் குரல் தனித்து நிற்கிறது, பாடகியின் ஸகர ஒலிகள் ஒவ்வொன்றும் சீறின. ஸகரத்தை மட்டும் அடக்கி இசைத்தட்டின் மூல அச்சை மறுபடி வெட்டினால் செலவும் தாமதமும் உண்டு. மறுபடி வெட்டுவதென்றே முடிவாயிற்று. அதனால் வெளியீட்டு நிகழ்ச்சி இசைத்தட்டு இல்லாமலே நடந்தது, வந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வெளியான பிறகு

இசைத்தட்டுகள் பெரும்பாலும் மேடைக்கு அருகில் போட்ட மேசையில்தான் விற்றன. உள்ளூர் வானொலியில் இரண்டு பாடல்கள் ஒலித்தன. பதிவுச் செலவு முழுவதும் திரும்பவில்லை, ஆனால் அச்சுச் செலவு திரும்பியது. திருமண நிகழ்ச்சிகள் சற்றுக் குறைந்தன, சோல் இரவுகளுக்கான அழைப்புகள் கூடின. இந்த இரண்டாவது வகையில் ஊதியம் குறைவு என்பதால், சிறு குழந்தை உள்ள கிடார் கலைஞர் ஓராண்டுக்குள் மனக்கசப்பு ஏதுமின்றி விலகினார். சாயல் பிரச்சினையைச் சுட்டிக்காட்டிய பெரியவர் தொகுப்பை வாங்கினார். மாற்றிய பேஸ் ஓட்டம் பழையதைவிடச் சுமார் என்பது அவர் தீர்ப்பு, எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை.

அடுத்த தொகுப்புக்கு மாறியவை

குழு இரண்டாம் தொகுப்புக்கான வேலையைத் தொடங்கியிருக்கிறது. மெட்டமைக்கும்போதே பாடகியின் குரலையும் ஊதுகருவிகளையும் வைத்து ஸ்கேலைத் தீர்மானிக்கிறார்கள், வீட்டு மாதிரிப் பதிவுகள் அடியோடு கைவிடப்பட்டுள்ளன. புதிய பாட்டு ஒவ்வொன்றையும் ஒத்திகை நிலையிலேயே அரிய இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் இருவரிடம் போட்டுக் காட்டுகிறார்கள். இசைத்தட்டின் பக்க வரிசையை மிக்ஸிங்குக்கு முன்பே முடிவு செய்வதும், சோதனைப் பிரதி கைக்கு வந்து சரி என்று ஆன பிறகே வெளியீட்டுத் தேதியை அறிவிப்பதும் தீர்மானமாகியுள்ளன.

பங்கு உடன்பாட்டில் ஒரு திருத்தம் சேர்ந்துள்ளது. விலகிய கிடார் கலைஞரின் பங்கு அவர் உருவாக்கத்தில் உடனிருந்த பத்துப் பாடல்களுக்கும் அப்படியே தொடரும். புதிதாக வந்தவர் மேடையில் அதே பகுதிகளை வாசித்தாலும் அவற்றில் அவருக்கு மேடைச் சம்பளம் மட்டுமே உண்டு. பாட்டில் அவருக்கான பங்கு இரண்டாம் தொகுப்பின் முதல் ஒத்திகையிலிருந்து தொடங்குகிறது.